கெட்டிக்காரி என்று எழுதினேன்

யாழ்ப்பாணத்தில், கோப்பாயில், எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு நான் அரபு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இதைக் கேட்டால் ஊரில் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அப்ப ரீச்சருக்கு அரபி தெரியுமோ?" என்பார்கள். எனக்கு அரபி தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பகுதிக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் பின்னங்களோடும் சமன்பாடுகளோடும் இழுபறிப்பட்டுக்கொண்டு போகிறோம். எங்கள் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் அங்கே நல்ல பின்னேர வெயில். பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு அவர்கள் வந்து இருப்பார்கள். நான் காலையில் இருந்து சமையல், தோட்டம், கோயில், மருந்தெடுப்பு எல்லாம் முடித்து, இடுப்பும் நாரியும் நோகிற நேரத்தில் அவர்களுக்கு முன்னால் சிரிக்க வேண்டும்.

ஓய்வு பெற்றபோது கணிதமும் நானும் பிரிந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கடைசி வருடங்களில் தொற்று வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது போனுக்கு முன்னால் இருந்து படிப்பிக்கப் பழகியிருந்தேன். பழகினேன் என்பது பெரிய சொல். மாமரத்துக்குக் கீழே ஒரு கோடு, கிணற்றடியில் இரண்டு கோடு என்று சிக்னலைத் துரத்திக்கொண்டு திரிந்தேன். வளைகுடா நகரம் ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி, "மிஸ், இஞ்சை ஒரு ஒன்லைன் ரியூசன் கம்பனி பெண் ஆசிரியர்களைத் தேடுது. பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஆம்பிளையள் படிப்பிக்கிறதைச் சில வீட்டுக்காரர் விரும்பினமில்லை" என்று தகவல் அனுப்பினாள். வீட்டில் சும்மா இருந்தால் நானும் என் கணவரும் சண்டைதான் பிடிப்போம். ஓம் என்றேன்.

தொடங்கும்போது நாலு பிள்ளைகள். தொற்று ஓய்ந்து அந்த நாடுகளிலும் பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு இந்த வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அது மாறிப் பெருத்தது. ஓமானில் மலைக்கிராமத்துப் பிள்ளை, குவைத்தில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, சண்டை நடக்கும் நாட்டில் இருந்து ஓடி வந்து எந்தப் பள்ளிக்கூடத்திலும் இடம் கிடைக்காத பிள்ளை என்று ஒவ்வொரு தவணையும் பெயர்கள் கூடின. சில வீடுகளில் ஒரே போனை அண்ணன், தங்கை, தம்பி என்று முறைவைத்துப் பிடித்திருப்பார்கள். நான் ஒரு சமன்பாட்டின் நடுவில் நிற்கும்போது தம்பியின் முறை வந்துவிடும். அக்கா பாதியில் மறைந்துபோவாள். நோன்பு மாதத்தில் நேரசூசி தலைகீழாகும். எங்கள் பக்கமும் குறைவில்லை. கரண்ட் போகும். கோயில் திருவிழா தொடங்கினால் ஒலிபெருக்கி என் குரலுக்கு மேலால் கதைக்கும். ஒருமுறை நாதஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, "மிஸ், உங்கள் வீட்டில் கல்யாணமா?" என்று ஒரு பிள்ளை எழுதியது. அவர்களின் பக்கத்தில் பாங்கு கேட்டால் நான் கதையை நிறுத்திக் காத்திருப்பேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு ஓய்வு.

ஒருவருடைய முகத்தையும் நான் கண்டதில்லை. பெண்பிள்ளையின் முகத்தைத் திரையில் விட என் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டார் விரும்பமாட்டார்கள். பாடம் பதிவாகிறது, யார் யார் பார்ப்பார்களோ என்ற பயம். எனக்கு அதில் குறை இல்லை. எங்கள் ஊரிலும் குமர்ப்பிள்ளையின் படத்தைக் கண்ட இடத்தில் போட விடமாட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு விளங்கிவிட்டதா என்பதை அதன் புருவத்தில் பார்த்தே காலம் கழித்தவள் நான். இங்கே கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். விளங்கியதா என்று கேட்டால் எல்லாக் கட்டத்தில் இருந்தும் "யெஸ் மிஸ்" என்று எழுத்து வரும். பரீட்சை வைத்தால்தான் தெரியும், செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறேன் என்று.

எங்களை மேய்ப்பதற்குக் கம்பனியில் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தாள். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், சின்ன வயது, நல்லவள். அவளுக்கும் அரபி அவ்வளவாக வராது. தாய்மாருக்கு எதை எழுதினாலும் மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுத்தான் அனுப்புவாள். என் பாடங்களின் பதிவைப் பார்த்துவிட்டு வாரம் தவறாமல் எனக்கு ஒரு குரல் தகவல் வரும். பாடம் தெளிவு மிஸ், நேரம் ஒழுங்கு மிஸ், ஆனால் நீங்கள் பாராட்டுவதே இல்லை. பிள்ளை சரியான விடை சொன்னால் நட்சத்திரப் பொத்தானை அழுத்துங்கள். அருமை, அபாரம் என்று சொல்லுங்கள். சிரியுங்கள்.

அவளுக்கு நான் எப்படி விளக்குவது? வலிகாமத்துக் கணித வாத்தியாரின் வாயில் "அபாரம்" வராது. அதிகம் போனால் "பிழையில்லை" என்போம். நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைக்கும் "எழுத்து வடிவில்லை" என்று ஒன்று சொல்லித்தான் கொப்பியைத் திருப்பிக் கொடுப்போம். இது கல்நெஞ்சு அல்ல. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் பிள்ளைக்கு நாவூறு படும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். என்னைக் கேட்டால் கண்ணை விட நாக்குப் பொல்லாதது. நான் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோது பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் விசாரித்தார். "அவள் எங்கை படிக்கிறாள்? விளையாடிக்கொண்டெல்லோ திரியிறாள்" என்று அம்மா முகம் மாறாமல் பொய் சொன்னார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். கோபம் வரவில்லை. அம்மா என்னைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

சண்டைக்கு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்த காலத்தில் அம்மாவின் இந்தப் பயம் இன்னும் கூடியது. நான் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்று யாராவது வாய் திறந்தால் பேச்சை மாற்றிவிடுவார். நிறைய இழந்தவர்களுக்கு, மிச்சம் இருப்பது பிறர் கண்ணில் படுவதுதான் பெரிய பயம்.

நான் சொல்லவந்த பிள்ளை என் வகுப்புக்கு வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அவளுடைய நாட்டில் சண்டை. பள்ளிக்கூடம் இடிந்துபோய், குடும்பம் இன்னொரு அரபு நாட்டில் ஒரு நகரத்துக்கு ஓடிவந்து வாடகை வீட்டில் இருந்தது. தகப்பன் வேறெங்கோ தொலைவில் வேலை. அந்த நகரத்தில் ஆங்கிலத்தில் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இப்படி ஓடிவந்த பிள்ளைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருந்தது. அதற்குக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு அனுமதிப் பரீட்சை. அந்த முறை சித்தியடைந்தால் உண்டு, அடுத்த முறை வயது கடந்துவிடும். அவளுடைய அக்கா அப்படித்தான் வயது கடந்து, வீட்டில் இருந்து, கல்யாணமும் முடித்துப் போய்விட்டார். இதையெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள். குரலில் ஒரு வருத்தமும் காட்டவில்லை.

பழைய பள்ளிக்கூடத்தில் கணிதத்தையும் வலமிருந்து இடமாக எழுதிப் பழகியவள். அவர்களின் ஐந்து எங்கள் பூச்சியம் போல இருக்கும். பூச்சியத்துக்கு வெறும் புள்ளிதான். கழித்தல் குறியை எண்ணுக்கு மற்றப் பக்கம் போட்டுவிடுவாள். தலைக்குள் ஒரு திசையில் கணக்கைச் செய்து கையால் மறுதிசையில் எழுதவேண்டிய பாடு அவளுக்கு. தாயின் போனைக் கொப்பிக்கு மேலே பிடித்துக் காட்டுவாள். எழுத்தும், ஓரத்தில் ஒரு பெருவிரலும் தெரியும். மற்றப் பிள்ளைகள் கணக்குச் செய்யும் செயலியில் விடையை எடுத்து ஒட்டும்போது இவள் வெட்டி வெட்டித் திருத்திய பக்கத்தைக் காட்டுவாள். வகுப்பு முடிந்து எல்லாக் கட்டங்களும் மறைந்த பிறகும் அவளுடைய கட்டம் நிற்கும். "மிஸ், மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது?" என்பாள். விதி அப்படி என்று சொல்லித் தப்பப் பார்த்தால் விடமாட்டாள். ஏன் என்று கேட்கிற பிள்ளை எப்போதாவதுதான் கிடைக்கும். அவளோடு கதைத்துவிட்டு எழும்பும்போது மட்டும் களைப்புக் கொஞ்சம் குறைந்திருக்கும்.

தவணை முடிவில் அறிக்கை எழுத வேண்டும். வழக்கம்போல எல்லாப் பிள்ளைகளுக்கும் "முன்னேற்றம் தெரிகிறது, குறிகளில் கவனம் தேவை" என்று எழுதி அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் உடனே அழைத்தாள். "மிஸ், உங்கள் அறிக்கையைப் படித்த தாய்மார் பிள்ளை தோற்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரு குடும்பம் விலகிப் போய்விட்டது. ஒரு பிள்ளையைப் பற்றியாவது மனம் திறந்து எழுதமாட்டீர்களா?" அவளும் பாவம், அவளுக்கு மேலே யாரோ அவளைப் பிடித்து உலுப்புகிறார்கள். எனக்கும் விவாதிக்கத் தெம்பு இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி மனதில் இருந்ததையே எழுதினேன். "இவள் மிகவும் கெட்டிக்காரி. இப்படி ஒரு பிள்ளையை நான் பல வருடங்களாகக் காணவில்லை." எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அந்த இரண்டு வரியும் தாய்க்கு மட்டும் போகும் என்று நினைத்திருந்தேன். ஒருங்கிணைப்பாளர் மகிழ்ச்சி தாங்காமல் அதை மொழிபெயர்த்து, பிள்ளையின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, சுற்றிவர நட்சத்திரம் வைத்து, எல்லாத் தாய்மாரும் இருக்கும் குழுவில் போட்டுவிட்டாள். பூக்களும் இருதயங்களும் வந்து குவிந்தன. அடுத்த வகுப்பு முடிந்த பிறகு அந்தக் கட்டம் வழக்கம்போல நின்றது. "மிஸ், நீங்கள் எழுதியதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சரி, சரி, கணக்கைப் பார் என்றேன்.

அதற்குப் பிறகு சில வகுப்புகளுக்கு அவள் வரவில்லை. காய்ச்சல் என்று தகவல் வந்தது. காய்ச்சல் மாறும்போது தாயின் போன் விழுந்து திரை வெடித்தது. அதைத் திருத்தி எடுத்த கையோடு சின்னத் தம்பி படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். பிறகு ஒரு நாள் வகுப்புக்கு வந்தாள், ஆனால் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. எல்லாரும் போன பிறகு அவளுடைய குரல் வந்தது.

"மிஸ், நான் இனி வரமாட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள் என்று அம்மா சொல்கிறார்."

முகத்தையே காட்டாத பிள்ளையை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்படியென்றால் பரீட்சை?" என்றேன்.

"அதுவும் வேண்டாமாம். வீட்டில் எல்லாரும் உயிரோடு இருந்தால் போதுமாம்."

ஒருங்கிணைப்பாளருக்கு விசயத்தைச் சொன்னேன். இந்தக் காலத்திலும் இப்படி நம்புகிறார்களா என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு, சில வகுப்புகளை இலவசமாகக் கொடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவளுக்கு இதை விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை. குசினிக்குள் போனேன். தோட்டத்தால் வந்த என் கணவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையை மறிச்சுப்போட்டினம்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோப்பையை வைக்காமலே கேட்டார். "அப்ப நீர் செய்தது பிழைதானே?"

"கம்பனிக்காரர்தான் எழுதச் சொன்னவை."

"அவை சொல்லுவினம். உம்மடை புத்தி எங்கை போச்சுது? ஊரிலை ஒரு பிள்ளைக்கு உப்பிடி எழுதிக் குடுப்பீரோ?"

"இல்லை."

"பின்னை அந்த மனுசி செய்யிறதிலை என்ன பிழை? உம்மடை அம்மா எண்டால் நாவூறு கழிக்க வீடு முழுக்கச் செத்தல் மிளகாய்ப் புகை எழுப்பியிருப்பா."

எனக்கு விசர் வந்தது. "நியாயம் கதைக்காதேங்கோ. இப்ப என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வாயாலை போட்டதை வாயாலைதான் எடுக்கவேணும். அந்தத் தாயோடை கதையும். பிள்ளை அப்பிடி ஒண்டும் பெரிய கெட்டிக்காரி இல்லையெண்டு சொல்லும். அவவுக்கு அதுதான் மருந்து."

எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது. தாய்மாரோடு ஆசிரியர் நேரே கதைக்கக் கம்பனி விடாது. ஒருங்கிணைப்பாளரிடம் கெஞ்சினேன். அவள் தானும் கூட இருந்து கேட்பதென்றால் ஒருமுறை விடலாம் என்று ஒழுங்குபடுத்தித் தந்தாள். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. தகப்பன் ஊரில் இல்லை. அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். இதை நான் முதலே யோசித்திருக்க வேண்டும். அழைப்பு எடுபட்டு, "மிஸ், நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறேன்" என்று அவள் குரல் வந்தபோதுதான், சொல்லவந்ததை எல்லாம் அவள் வாயாலேயே சொல்லவேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வைத்தால் பரீட்சையும் போய்விடும்.

தம்பியின் கை எப்படி என்று முதலில் கேட்டேன். பரவாயில்லை என்றார் தாய். பிறகு சொன்னேன். "அம்மாவுக்குச் சொல், அந்த அறிக்கையில் நான் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டேன். அப்படி எழுதினால்தான் கம்பனிக்குப் பிடிக்கும்."

அவள் சொன்னாள்.

"அவள் நடுத்தரமான பிள்ளை. கணக்கில் அவசரம். கழித்தல் குறியை எத்தனை தரம் சொன்னாலும் மறந்துபோவாள். வகுப்பில் அவளை விடத் திறமான பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அவள் ஆங்கிலத்தில் மெதுவாக, "மிஸ், இதையும் சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

எனக்கு அரபி தெரியாது. ஆனால் அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள் என்பது தெரிந்தது. பெரிய பிள்ளைகள் தங்கள் குற்றத்தைத் தாங்களே பள்ளிக்கூட அதிபரிடம் ஒப்புவிக்கும்போது குரல் போகும் விதம் எனக்குத் தெரியும். தாய் இடையில் ஏதோ கேட்டார்.

"அம்மா கேட்கிறார், அப்படியென்றால் அந்தப் பரீட்சை எனக்கு எதற்கு என்று."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கத்துப் பள்ளத்தில் இருந்து தூக்கப்போய் மறுபக்கத்தில் தள்ளிவிட்டேன். "விடாமல் வந்து படித்தால் கரைசேருவாள்" என்றேன். "இப்போது விட்டால் சேரமாட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல். குழுவில் இனி அவள் பெயர் வராது. நட்சத்திரமும் வராது."

தாய் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. பிறகு முதல் தடவையாக நேரே என்னிடம் ஏதோ கேட்டார். உங்கள் ஊரிலும் இந்தப் பயம் உண்டா என்று கேட்கிறாராம். உண்டு, உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவோம், மிளகாய் கமறாவிட்டால் நாவூறு பட்டிருக்கிறது என்று அர்த்தம் என்றேன். தாய் சிரித்தார். தங்கள் வீட்டிலும் உப்பு எடுப்பார்களாம். நாங்கள் இரண்டு பேரும் உப்பைப் பற்றி நன்றாகக் கதைத்தோம். அதையும் அவள்தான் இங்கும் அங்கும் மொழிபெயர்த்தாள், செய்தி வாசிப்பவரின் குரலில்.

வகுப்புக்குத் திரும்பி வந்தாள். ஒருங்கிணைப்பாளர் என் கையைப் பிடிக்காத குறையாக நன்றி சொன்னாள். என் கணவர், "நான் சொன்னனான்தானே" என்று ஒருக்கால் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவளுக்கும் இது விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். அம்மா வேலிக்கு மேலால் சொன்ன பொய் எனக்கு விளங்கியதுதானே. ஆனால் எனக்குப் புள்ளிகள் போட்ட தேர்ச்சி அறிக்கை கையில் இருந்தது, வகுப்பில் என் கதிரை எது என்று ஊருக்கே தெரியும். அவளுக்கு இருந்தது நான் எழுதிய இரண்டு வரி. அதையும் சும்மா எழுதினேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறேன். திரும்பி வந்த முதல் நாளிலேயே, பாடத்தின் நடுவில், என் ஒருத்திக்கு மட்டும் தெரியும்படி ஒரு வரி எழுதினாள்.

"மிஸ், எது உண்மை?"

அது தாயின் போன். எது எழுதினாலும் அதில் நிற்கும். தாய் ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்ப்பார் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். பாடமும் பதிவாகிறது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் பிள்ளைகள் "மிஸ், கேட்கவில்லை, மிஸ், நெற் போய்விட்டதா?" என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

"அடுத்த கணக்கைச் செய்" என்று அவளுக்கு எழுதினேன்.

செய்தாள். சரியாக இருந்தது. அன்றில் இருந்து மற்றவர்களுக்குக் கொடுக்காத கணக்குகளை அவளுக்கு வேறாகக் கொடுத்தேன். இரண்டு வகுப்பு மேலே உள்ள பிள்ளைகளின் கணக்குகள். இதைக் கொண்டாவது அவள் ஊகிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் அதைத் தண்டனை என்று எடுத்தாளோ தெரியாது. அந்த நாட்களில் கம்பனி புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளை சரியான விடை போட்டால் இயந்திரமே நட்சத்திரத்தைக் கொட்டி, கைதட்டும் சத்தமும் போடும். தாய் கேட்டபடி அவளுடைய கட்டத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். செயலியில் பார்த்து எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் கைதட்டல் விழும். அவள் வெட்டித் திருத்தி நேர்மையாகக் கண்டுபிடித்த விடைக்கு ஒரு சத்தமும் வராது. நானும் வாய் திறக்கமாட்டேன்.

வகுப்பு முடிந்த பிறகு அவளுடைய கட்டம் நிற்பதும் இல்லாமல் போயிற்று. "யெஸ் மிஸ்" என்று எழுதிவிட்டு மற்றவர்களோடு மறைந்துவிடுவாள். கழித்தல் குறி ஒருக்காலும் இடம் மாறவில்லை. ஏன் என்ற கேள்வியும் வரவில்லை. எனக்கு அந்தக் கேள்வி வேண்டியிருந்தது. அது இல்லாமல் அந்தப் பின்னறையில் இருந்து எழும்பும்போது களைப்பு அப்படியே இருந்தது.

பரீட்சை முடிந்தது. முடிவு வர முதலே தவணையும் முடிந்து, அவள் கம்பனியில் இருந்து விலகிவிட்டாள். ஒருங்கிணைப்பாளர் ஒரு பின்னேரம் அழைத்தபோது நான் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். "மிஸ், அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கணிதத்தில் அவளுக்குத்தான் முதலிடமாம். தாய் குழுவில் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்." நான் கத்தியை வைத்துவிட்டு இருந்தேன். கண் கலங்கியது. சந்தோசம்தான், வேறொன்றும் இல்லை.

"உங்களுக்கு அவள் ஒரு தகவலும் தந்திருக்கிறாள்" என்று அதை அனுப்பினாள். நல்ல ஆங்கிலம். ஒரு பிழையும் இல்லை.

"அன்புள்ள மிஸ், நான் கெட்டிக்காரி இல்லை என்று தெரிந்தும் என்னைக் கைவிடாமல் படிப்பித்ததற்கு நன்றி. புதிய பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என்னை விடத் திறமாக இருப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னபடி விடாமல் முயற்சி செய்வேன்."

இரண்டாம் தரமும் வாசித்தேன். முதலிடம் என்பதைத் தாய் அவளுக்குச் சொல்லவில்லையோ? அல்லது சொல்லியும் அவள் நம்பவில்லையோ? ஒருங்கிணைப்பாளர் இணைப்பில் காத்திருந்தாள். "எவ்வளவு பணிவான பிள்ளை" என்றாள். "பதில் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லுங்கள் மிஸ். எங்கள் தளத்தில் அவளுடைய கணக்கை மூடிவிட்டோம், ஆனால் தாயின் போனுக்கு என்னால் அனுப்ப முடியும்."

தாயின் போனுக்கு. இனிமேல்தான் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்கு முதல் தாய் மறுபடி பயந்துவிடக்கூடாது.

"நல்லாய்ப் படிக்கச் சொல்லுங்கள்" என்றேன். "குறிகளில் கவனம் என்றும் சொல்லுங்கள்."

அவள் அதை மொழிபெயர்த்து அனுப்பினாள்.